மேசைக்கு இந்தப் பக்கம்

காட்பாடி ரோட்டு ஹோட்டலின் ஏசி ஹாலில்
ஒருநாள் பயிற்சி.
மதியம் பிரியாணி என்றதால்
வேலூர் லாட்ஜ்காரர்கள் நாற்பது பேர் வந்திருந்தோம்.

சென்னையிலிருந்து வந்தவர் சொன்னார்:
வாய் திறப்பதற்கு முன்பே
உடம்பு பேசி முடித்துவிடுகிறது.
முதுகை நிமிர்த்துங்கள்.
கண்ணைப் பாருங்கள், ஆனால் முறைக்காதீர்கள்.
உள்ளங்கை தெரியட்டும்.
கைகுலுக்கும்போது
செத்த மீனைக் கொடுப்பதுபோல் கொடுக்காதீர்கள்.
முக்கியமாக, கைகட்டி நிற்காதீர்கள்.
அது கதவைச் சாத்துவது.

நான் எழுந்து கேட்டேன்:
"பள்ளிக்கூடத்தில்
கைகட்டாவிட்டால்தானே சார் அடித்தார்கள்?"
ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார்.
பதில் பிரியாணிக்குப் பிறகு என்றார்.
பிரியாணிக்குப் பிறகு சான்றிதழ்தான் வந்தது,
கிருபாவதியில் ஒரு எழுத்து குறைந்து.

மறுநாள் விடியற்காலை
ஹவுரா வண்டியில் வந்திறங்கிய ஒருவர்
ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி உள்ளே வந்தார்.
நிமிர்ந்தேன். சிரித்தேன். உள்ளங்கை காட்டினேன்.
அவர் அதில்
ஆதார் நகலை வைத்தார்.

எனக்குத் தெரிந்த வங்காளம் பதினோரு சொல்.
வெந்நீர், சாவி, எத்தனை நாள்,
லிஃப்ட் கிடையாது, இந்த மாதிரி.
மிச்சமெல்லாம் உடம்புதான்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் பதினாலு வருஷம்.
பயிற்சியில் வராதது கொஞ்சம் தெரியும்.
வந்த அன்று ஃபைலை அக்குளில் இடுக்கியிருப்பார்கள்.
நாலாம் நாள் அது நெஞ்சோடு இருக்கும்.
நல்ல சேதி என்றால்
கூட வந்தவர் முன்னால் நடப்பார்,
படியேறும்போதே செல்போன் காதுக்குப் போயிருக்கும்.
இல்லையென்றால்
சாவியை மேசையில் வைக்கும்போது சத்தமே வராது.
அப்புறம், கைகுலுக்க நீட்டிப் பார்த்தால்
புறங்கையில் பிளாஸ்திரி, ஊசிக்குழாய்.
அங்கே செத்த மீன்தான் மரியாதை.

206இல் நிராபத மண்டலும் அவர் மனைவியும்.
வெயிலை மலைகள் ஊருக்கே திருப்பியனுப்பும் மே மாதம்.
செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு
அவர் மட்டும் வந்தார்.
ஃபைல் தலைகீழாக இருந்தது.
உள்ளிருந்து ஒரு ஸ்கேன் தாள் நழுவி விழுந்ததை
அவர் பார்க்கவில்லை.

எவ்வளவு என்று விரல்களைத் தேய்த்துக் கேட்டார்.
பதினோரு சொல்லையும் தேடினேன்.
ஒன்றும் இதற்கு ஆகாது.

எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு,
தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு
அவர் பக்கத்தில் நின்றேன்.
அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.
நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.
மின்விசிறி சுற்றியது.
எவ்வளவு நேரமென்று எனக்குத் தெரியாது,
கேமராவுக்குத்தான் தெரியும்:
நாலு நிமிஷம் பத்து வினாடி.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து
முதலாளி மகன் நதீம் வந்து போனை நீட்டினான்.
"என்னக்கா, காசு கட்டிப் பயிற்சிக்கு அனுப்பினேனே?
கூன். குனிஞ்ச தலை. சிரிப்பு இல்ல.
கையக் கட்டிக்கிட்டு வேற நிக்கிறீங்க."

அப்போதுதான் பார்த்தேன்.
ஆமாம், கட்டித்தான் இருந்தேன்,
கோயிலோ சர்ச்சோ சாவு வீடோ
எங்கே பழகியதென்று தெரியாத ஒரு கட்டு.
கதவு எதுவும் சாத்தியதாகத் தோன்றவில்லை.

"யாரு அவரு?" என்றான்.
சொன்னேன்.
படத்தை மறுபடி ஓட்டினான். அதில் சத்தம் கிடையாது.
பாதியில் நிறுத்தி
போனை மேசைமேல் வைத்தான்.
பேன்ட் பாக்கெட்டில் இருந்த இடக்கையும்
மெல்ல வெளியே வந்தது.
அதை எங்கே வைப்பதென்று
அவனுக்குத் தெரியவில்லை.

கொஞ்சம் கழித்து,
"206 காலியா?" என்றான்.
காலி, கூட்டியாச்சு, என்றேன்.
வாசலில் ஆட்டோ வந்து நின்றது,
கூரைமேல் மூன்று பெட்டி.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.